கடைசிக் கவளம்: பசேனதி ராஜா எப்படி இளைத்தார்?

போன வருஷம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் என் எடை 93.4 கிலோ. உயரம் 171 சென்டிமீட்டர். பிஎம்ஐ 31.9. சர்க்கரை இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கால் அந்தப் பக்கம் போயாச்சு என்றார் டாக்டர். வாக்கிங், சிறுதானியம், ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு என்று வழக்கமான பட்டியலைச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். "கொஞ்சம் தியானம் பண்ணுங்க சார். மோட்டிவேஷன் தானா வரும்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது எதையாவது செய்யச் சொன்னால், செய்வதற்கு முன்னால் அதன் வரலாறு என்ன என்று தேட உட்கார்ந்துவிடுவேன். 93.4 வந்ததற்கு அந்த உட்கார்தலும் ஒரு காரணம். தியானத்தையும் உடல் எடையையும் முதலில் முடிச்சுப் போட்டது யார்? 1970களின் அமெரிக்காவாக இருக்கும், கலிபோர்னியாவில் யாரோ நீண்ட தலைமுடிக்காரர் ஆரம்பித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். தேடிக்கொண்டே போனதில் கடைசியில் வந்து நின்ற இடம் சிராவஸ்தி. இன்றைய உத்தரப் பிரதேசத்தில், நேபாள எல்லைக்குப் பக்கத்தில், சஹேத்-மஹேத் என்ற பெயரில் செங்கல் மேடுகளாகக் கிடக்கிறதே, அந்த ஊர். காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில். நோயாளி கோசல நாட்டு ராஜா பசேனதி. சமஸ்கிருதத்தில் பிரசேனஜித் என்பார்கள்.

பசேனதி ஒரு கற்பனைப் பாத்திரம் மாதிரி தெரியவில்லை. பர்ஹுத் ஸ்தூபத்தின் கல் வேலியில், 1873இல் கன்னிங்ஹாம் கண்டெடுத்து இப்போது கொல்கத்தா மியூசியத்தில் இருக்கிறதே, அதில் நாலு குதிரை பூட்டிய ரதத்தில் ஒரு ராஜா போகிறார். கோசலத்துப் பசேனதி ராஜா என்று பிராமி எழுத்தில் பெயரும் வெட்டியிருக்கிறது. சிற்பத்தை வைத்து அவர் எடையைக் கணிக்க முடியாது, அது வேறு விஷயம். பாலி நூல்களில் புத்தருக்கு அடுத்தபடியாக நமக்கு நன்றாகப் பழகிப்போகும் மனிதர் இவர்தான். புத்தரும் தானும் ஒரே வயசு, இருவருக்கும் எண்பது என்று கடைசிக் காலத்தில் ஓரிடத்தில் சொல்கிறார். மனைவி மல்லிகாவோடு பேசுவார், மகள் பிறந்தால் முகம் வாடுவார், மருமகன் முறையுள்ள அஜாதசத்துருவோடு சண்டை போட்டுத் தோற்பார், அடுத்த தடவை ஜெயிப்பார். பெரிய ஞானி எல்லாம் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிற, சந்தேகம் வந்தால் புத்தரைத் தேடி வருகிற ஒரு ஆள்.

சம்யுத்த நிகாயத்தில் கோசல சம்யுத்தம் என்று ஒரு பகுதி, 25 சின்னச் சின்ன உரைகள். எல்லாம் இவரைச் சுற்றித்தான். அதில் 13ஆவது 'தோணபாக சுத்தம்'. அரைப் பக்கம்கூட வராது. தோணம் என்பது ஒரு தானிய அளவு. ஒரு தோணம் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர் என்பதிலிருந்து அந்தத் தலைப்பு.

கதை இவ்வளவுதான். ராஜா முட்ட முட்டச் சாப்பிட்டுவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் புத்தரிடம் வந்து உட்காருகிறார். புத்தர் பார்க்கிறார். பார்த்ததும் ஒரு நாலடிப் பாட்டைச் சொல்கிறார். எப்போதும் நினைவோடு இருந்து, கிடைத்த உணவில் அளவு தெரிந்தவனுக்கு உடல் வேதனை மெலியும், முதுமை மெதுவாக வரும், ஆயுள் காக்கப்படும் என்பது அதன் சாரம். ராஜாவின் பின்னால் சுதஸ்ஸனன் என்ற பிராமண இளைஞன் நிற்கிறான். ராஜா அவனிடம் திரும்பி, "தம்பி, இந்தப் பாட்டை இவரிடம் கற்றுக்கொள். எனக்குச் சோறு பரிமாறும்போதெல்லாம் சொல்லு. தினம் நூறு கஹாபணம் தருகிறேன்" என்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்கிறார். பையன் கற்றுக்கொள்கிறான், சொல்கிறான். ராஜாவின் சாப்பாடு படிப்படியாகக் குறைந்து கடைசியில் ஒரு நாழிச் சோற்றில் வந்து நிற்கிறது. பிறகு ஒருநாள் நன்றாக இளைத்துப்போன தன் உடம்பைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு, இந்தப் பிறவிக்கும் அடுத்த பிறவிக்குமாக இரண்டு நன்மைக்கும் புத்தர் என்மேல் இரக்கப்பட்டாரே என்று மகிழ்கிறார்.

முதல் தடவை படித்தபோது அந்த 'உடம்பைத் தடவிப் பார்ப்பது' என்னை நிறுத்திவிட்டது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனால் நாமும் அதைத்தானே செய்கிறோம்.

இன்னொரு சங்கதி. இந்த உரைக்கு அடுத்த இரண்டும் அஜாதசத்துருவோடு நடந்த போர்கள். ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி. தொகுத்தவர்கள் வேண்டுமென்றே பக்கத்தில் வைத்தார்களா தெரியாது, ஆனால் சோற்றுத் தட்டும் போர்க்களமும் அடுத்தடுத்து வருகின்றன. ஜெயித்தது எது என்று பார்த்தால் தட்டில்தான் தெளிவான வெற்றி.

இந்தக் கதைக்குச் சீனத்தில் ஒரு இணை வடிவம் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சீனா போன குணபத்ரர் மொழிபெயர்த்த சம்யுக்த ஆகமத்தில் 1150ஆவது உரை. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அனாலயோ என்ற ஜெர்மன் பிக்கு 2018இல் பண்டைய இந்தியாவில் மிகையுணவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒப்பிட்டால் சுவாரசியமான வித்தியாசங்கள் தெரியும். பாலி வடிவில் ராஜா தொடக்கத்தில் குண்டு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்குகிறார், அவ்வளவே. முடிவில் இளைத்தார் என்று வருவதால் நாம்தான் ஊகிக்கிறோம். சீன வடிவில் மறைக்கிற வேலையே கிடையாது. ராஜா பருமன், உடம்பெல்லாம் வியர்வை ஓடுகிறது, இரைக்க இரைக்க வந்து உட்காருகிறார். உடம்பு ரொம்பப் பெருத்துவிட்டதே என்று புத்தரே கேட்கிறார். அதற்கு ராஜா, ஆமாம், இந்த உடம்பால் எனக்கு வெட்கமாகவும் வெறுப்பாகவும் இருக்கிறது என்கிறார்.

வெட்கம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜா, யானைப்படை வைத்திருந்தவர், தன் உடம்பைப் பற்றி வெட்கப்படுகிறார். இதைப் படித்த ராத்திரி எனக்கு என்னமோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது புத்தர் அந்த வெட்கத்தைப் பயன்படுத்தவில்லை என்பது. இப்படி இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அழகாக ஆவாய் என்ற ஆசையும் காட்டவில்லை. பாட்டில் மெலிவதாகச் சொல்லப்படுவது உடம்புகூட இல்லை, வேதனை. பாலியில் அந்த இடத்தில் 'தனு' என்ற சொல்தான் வருகிறது. ஒல்லி, மெல்லிசு என்று பொருள். உனக்கு இருக்கிற தொந்தரவு ஒல்லியாகும் என்கிறார். இப்போது ஜிம் விளம்பரங்களில் முதல் படம், இரண்டாம் படம் என்று போட்டு ஊக்கம் ஊட்டுகிறார்களே, அதற்கு நேர் எதிர்த்திசை.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலியில் தினம் நூறு கஹாபணம். அந்தக் காலத்து வெள்ளி முத்திரைக் காசு ஒன்று ஏறத்தாழ 3.4 கிராம் என்பதால், நூறு காசு என்றால் 340 கிராம் வெள்ளி. ஒரு நாளைக்கு! சீன வடிவில் பையன் பெயர் உத்தரன், தொகை ஒரு லட்சம் பொற்காசு, கூடவே நிரந்தரச் சாப்பாடு. ராஜா குறைவாகச் சாப்பிட வைக்கிற வேலைக்குச் சம்பளத்தில் சாப்பாடும் சேர்த்தி! தொகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதை சொன்னவர்களுக்கு இது மலிவான வேலை இல்லை என்று தெரிந்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ராஜாவிடம் "போதும்" என்று சொல்ல அரண்மனையில் யாருக்குத் தைரியம் வரும்? சமையற்காரனுக்கு வராது. மந்திரிக்கு வராது. அதனால்தான் ராஜாவே ஒரு ஆளை நியமித்து, காசு கொடுத்து, அனுமதியும் கொடுத்துவைக்கிறார். தன்னைத் தடுக்கிற அதிகாரத்தை முன்கூட்டியே இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது.

இதுவரை மூல உரையில் இருப்பது. எனக்கு உண்மையில் மண்டையில் மணியடித்தது உரையாசிரியர் சேர்த்த ஒரு விவரத்தில்.

சம்யுத்த நிகாயத்துக்கு உரை எழுதியவர் புத்தகோசர், 5ஆம் நூற்றாண்டு, அனுராதபுரத்து மகாவிகாரையில் உட்கார்ந்து பழைய சிங்கள உரைகளைப் பாலிக்கு மாற்றியவர். இந்த உரையை ஜோதிபாலர் என்ற பிக்கு கேட்டுக்கொண்டதால் எழுதினார். அந்த ஜோதிபாலரோடு காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததை வேறொரு உரையின் முடிவில் புத்தகோசரே குறிப்பிடுகிறார். ஆக, இட்லி காஞ்சிபுரத்துக்குப் பெயர் வாங்கித் தருவதற்கு ரொம்ப முன்னாடியே, உணவைக் குறைக்கும் ஒரு துல்லியமான செய்முறையை நமக்கு எழுதிவைத்தவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார்.

செய்முறை இதுதான். ராஜா சாப்பிட ஆரம்பிக்கும்போது பாட்டைச் சொல்லாதே. முடிக்கும் தருவாயில், கடைசிக் கவளத்தை எடுக்கும்போது சொல். ராஜா அதைக் கேட்டதும் அந்தக் கவளத்தை வைத்துவிட வேண்டும். அந்தக் கவளத்தில் எத்தனை பருக்கையோ, அத்தனை அரிசியை மறுநாள் உலையில் குறைத்துப் போட வேண்டும். நாழிக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.

கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதைப் பார்த்ததும் எனக்கு இது பாட்டாகத் தெரியவில்லை, லூப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அளவிடு, ஒரு சிறு துண்டு குறை, மறுநாள் உள்ளீடாகக் கொடு, நிற்கும் நிபந்தனை வந்தால் வெளியேறு. நிற்கும் நிபந்தனையை எழுத மறந்துவிட்டால் ராஜா பட்டினியில் செத்துப்போவார். அதையும் மறக்கவில்லை. புத்தர் தானே எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்து, அது வேலைக்காகாது என்று பால்சோறு வாங்கிச் சாப்பிட்டவர்தானே. நாழிக்குக் கீழே போகாதே என்பது அந்த அனுபவம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலி அளவு முறையில் நாலு நாழி ஒரு ஆள்ஹகம், நாலு ஆள்ஹகம் ஒரு தோணம். ஆக ராஜா 16இலிருந்து 1க்கு வந்திருக்கிறார். ஒரு நாழிச் சோறு 20 கவளம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தோணத்தில் 320 கவளம். ஒரு ஆள் ஒரே பந்தியில் 320 கவளம் சாப்பிடுவது நடக்காத காரியம், நம்ம ஊரில் "மரக்கால் சோறு திம்பான்" என்று சொல்கிற மாதிரி ஒரு பேச்சாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், தினம் ஒரு கவளம் குறைத்து 320இலிருந்து 20க்கு வர 300 நாள். பத்து மாசம். முதல் நாள் வெட்டு மொத்தத்தில் 0.3 சதவீதம். வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. கிரேஷ் டயட் என்று மூன்று நாள் சாலட் தின்றுவிட்டு நாலாம் நாள் பரோட்டாக் கடையில் உட்காருகிற நமக்கு இது பாடம். ஆனால் கடைசியில், 21 கவளத்திலிருந்து 20க்கு வரும் அன்று வெட்டு கிட்டத்தட்ட 5 சதவீதம். அதாவது போகப் போகக் கஷ்டம் கூடுகிற வடிவமைப்பு. கவளத்தின் அளவும் கூடவே சின்னதாகிக்கொண்டு வந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

நாழி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். புறநானூற்று 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகையே ஒரு குடையில் ஆள்கிற அரசனுக்கும் இரவு பகல் தூங்காமல் வேட்டைக்கு அலைகிறவனுக்கும் சாப்பாடு ஒரே நாழிதான் என்கிறார். அவருக்கு அது செல்வத்தின் பயன் ஈதல் என்று சொல்வதற்கான வாதம், எடை குறைப்பு அல்ல. தமிழ் நாழியும் பாலி நாழியும் கொள்ளளவில் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு போதும் என்பதற்கு இரண்டு மரபிலும் ஒரே பெயருள்ள படி வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. குறளிலும் 95ஆவது அதிகாரம் மருந்து. பத்துக் குறளில் ஆறு சாப்பாட்டு அளவையும் செரிமானத்தையும் பற்றியே பேசுகிறது. செரித்த பிறகு சாப்பிடு, அளவாகச் சாப்பிடு. சரி ஐயா, எப்படி? அதற்குப் பதில் காஞ்சிபுரத்துக்காரர் உரையில்தான் கிடைத்தது.

இப்போது கேள்வி: இது தியானமா? கண்ணை மூடி உட்காரவில்லை, மூச்சைக் கவனிக்கவில்லை, ஒரு பையன் பாட்டுச் சொன்னான், அவ்வளவுதானே?

பாட்டில் வருகிற முக்கியமான சொல் 'சதி'. சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி. இன்று ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஒரு பெரிய வணிகமே நடக்கிறதே, அது இந்தச் சொல்லுக்கு ரைஸ் டேவிட்ஸ் 1881இல் கொடுத்த மொழிபெயர்ப்பு. இலங்கையில் சிவில் சர்வீஸ் வேலை பார்த்தபோது பாலி படித்தவர் அவர். மைண்ட்ஃபுல்னெஸ் என்றதும் இந்தக் கணத்தைக் கவனிப்பது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் சதி என்பதன் வேர் 'நினைவு'. பாலி நூல்களே அதை விளக்கும்போது, வெகு நாள் முன்னால் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூர முடிவது என்கின்றன. தமிழில் 'நினைவோடு சாப்பிடு' என்று சொன்னால் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடும். நினைவிருக்கிறதா, நினைவோடு இருக்கிறாயா. ஆங்கிலத்தில் பிரிந்துபோனது நம்மிடம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் ராஜாவின் பிரச்சினை ஊக்கமின்மை இல்லை. காலையில் அவருக்கு ஊக்கம் இருந்திருக்கும். எனக்கும் காலையில் ஏகப்பட்டது இருக்கிறது. பிரச்சினை, இலையில் சாம்பார் விழும் நேரத்தில் அந்தத் தீர்மானம் ஞாபகத்தில் இருப்பதில்லை. மறதிதான் நோய். மருந்து, சரியான விநாடியில் ஒரு நினைவூட்டல். டாக்டர் "மோட்டிவேஷன் தானா வரும்" என்று சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போனது இங்கேதான்.

பிக்குகளுக்கு இதைவிடக் கடுமையான பயிற்சிகள் உண்டு. அதே புத்தகோசரின் விசுத்திமக்கத்தில் உணவின் அருவருப்பைத் தியானிக்கும் முறை பத்துப் படியாக வருகிறது. பிச்சைக்குப் போகும் வழியிலிருந்து, மென்றது, விழுங்கியது, வயிற்றில் கிடப்பது, செரித்தது, வெளியே வருவது வரைக்கும். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். நான் படித்தேன், தயிர்சாதம். அது பற்று அறுப்பதற்கானது, குடும்பஸ்தனின் எடைக்கானது அல்ல. ராஜாவுக்குப் புத்தர் அதைக் கொடுக்கவில்லை என்பதே முக்கியம். சோற்றை வெறுக்கச் சொல்லவில்லை. அளவு தெரிந்துகொள்ளச் சொன்னார்.

நவீனக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாள்பட்ட வலிக்காரர்களுக்குத் தியான வகுப்பு ஆரம்பித்தார். அதில் ஒரே ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, உருட்டி, நிதானமாக மென்று சாப்பிடும் பயிற்சி பிரபலமானது. 1999இல் ஜீன் கிறிஸ்டெல்லர், அடக்கமுடியாமல் ஒரே மூச்சில் அளவுமீறிச் சாப்பிடும் பிரச்சினை உள்ள 18 பெண்களுக்குத் தியானத்தை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். அப்படிச் சாப்பிடுவது கணிசமாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு, ஆனாலும் தொடக்கம் அது. 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜெனிபர் டாபென்மயர் குழுவினர் பருமன் உள்ள 194 பேரை வைத்துச் செய்ததுதான் கொஞ்சம் கறாரானது. எல்லோருக்கும் ஐந்தரை மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டம். பாதிப் பேருக்கு மட்டும் கூடவே தியானம். 18ஆவது மாதத்தில் தியானக் குழு மற்றவர்களைவிட 1.7 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தது. புள்ளியியல்படி அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் மட்டும் தியானக் குழுவுக்குச் சற்று நல்ல பலன்.

1.7 கிலோ. ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கு இருந்தது. தியானம் செய்தால் எடை கரையும் என்று யாராவது காணொளி போட்டால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஆய்வுகளில் தனக்குள் விழிப்பை வளர்த்துக்கொள்ளும் பயிற்சி இருக்கிறது, சுதஸ்ஸனன் இல்லை. ஒவ்வொரு வேளையும் கடைசிக் கவளத்தில் பக்கத்தில் நிற்க ஆள் வைத்து யாரும் சோதித்துப் பார்த்ததாக என் கண்ணில் படவில்லை. அதனால் வீட்டில் சோதித்தேன். ஒரே ஒரு ஆள் மேல் செய்தது ஆய்வாகாது, அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

எங்கள் வீட்டுத் தராசில் என் ராத்திரிச் சோறு 450 கிராம். ஒரு கவளம் சுமார் 30 கிராம், ஆக 15 கவளம். தினம் ஒன்று குறைத்தால் பதினைந்தாம் நாள் தட்டு காலி. எனவே வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். சுதஸ்ஸனன் வேலைக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள். சம்பளம் வேளைக்கு அஞ்சு ரூபாய். பாட்டு எல்லாம் இல்லை, கடைசிக் கவளத்தில் "அப்பா, இதோட போதும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதல் எதிர்ப்பு மனைவியிடமிருந்து. "கடைசிக் கவளத்தைத் தட்டுல விட்டுட்டு எந்திரிக்கிறதா? எங்க அம்மா இருந்தா தலையில கொட்டியிருப்பாங்க." நியாயம்தான். சோற்றை வீணாக்கினால் பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். அரண்மனையில் மீந்த கவளத்தை என்ன செய்தார்கள் என்று உரையில் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பழுப்பு நாய்க்கு அது போயிற்று. மகள் கேட்ட கேள்வி வேறு: "முதல்லயே கம்மியா போட்டுக்கிட்டா என்ன?" அதையும் யோசித்தேன். முதலிலேயே குறைத்துப் போட்டால், முடிந்ததும் கை தானாகக் குக்கர் பக்கம் போகிறது. கையில் எடுத்ததை வைப்பதில்தான் ஏதோ நடக்கிறது. அந்த ஒரு விநாடி, பசிக்கிறதா இல்லையா என்று வயிற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வந்தது, அதுவும் எட்டாவது கவளத்திலேயே வந்திருக்க வேண்டிய பதில். புத்தகோசர் "ஆரம்பத்தில் சொல்லாதே, கடைசியில் சொல்" என்றதன் காரணம் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

ஏழு வாரத்தில் எட்டுக் கவளத்துக்கு வந்தேன். 240 கிராம். என் நாழி அது என்று முடிவு செய்து நிறுத்திவிட்டேன். நடையும் இருந்தது, டீயில் சர்க்கரையும் போச்சு, எல்லாப் பெருமையையும் கவளத்துக்கே கொடுக்க முடியாது. ஏழு மாசத்தில் 87.1 கிலோ.

அப்புறம் பரீட்சை லீவு வந்தது. மகள் மூணு வாரம் தஞ்சாவூரில் பாட்டி வீட்டுக்குப் போனாள். சரி, தொழில்நுட்பம் எதற்கு இருக்கிறது என்று போனில் ராத்திரி எட்டு இருபதுக்கு ஒரு ரிமைண்டர் போட்டேன், அதே வார்த்தைகள். முதல் நாள் கேட்டேன். இரண்டாம் நாள் வாயில் சோற்றோடு இடது கையால் தள்ளிவிட்டேன். மூணாம் நாள் அது அடித்ததே கவனத்தில் இல்லை. அவள் திரும்பி வந்தபோது 88.6. என் தொழிலே இந்த மாதிரி நினைவூட்டல்களை எழுதுவது என்பதால் இது கொஞ்சம் உறைத்தது. போனுக்கு நான் முகம் கொடுக்க வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து, அஞ்சு ரூபாய்க்காகக் கவளத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை விரலால் தள்ளிவிட முடியாது.

நினைவு தனக்குள்ளே இருக்க வேண்டும், இன்னொருவர் வாயில் இருந்தால் அது தியானமே இல்லை என்று கறாரான ஆட்கள் சொல்வார்கள். சரியாக இருக்கலாம். ஆனால் பசேனதியிடம், நீயே உன்னைக் கவனித்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போகவில்லை புத்தர். ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று ராஜா சொன்னபோது தடுக்கவும் இல்லை. உரையில் அந்தப் பையனுக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்.

ராஜாவின் மீதிக் கதை நன்றாக முடியவில்லை. வயசான காலத்தில், அவர் புத்தரைப் பார்க்க உள்ளே போயிருந்த நேரத்தில், தளபதி அரச சின்னங்களை எடுத்துக்கொண்டு போய் மகன் விடூடபனிடம் கொடுத்துவிட்டான். உதவி கேட்டு அஜாதசத்துருவிடம் ராஜகிருகம் வரை ஓடினார். போய்ச் சேர்ந்தபோது இரவு, கோட்டைக் கதவு மூடியாச்சு. வெளியே ஒரு சத்திரத்தில் படுத்தவர் களைப்பில் அன்று ராத்திரியே இறந்துபோனார் என்கின்றன உரைகள். நாழிச் சோற்றால் காத்துக்கொண்ட உடம்பு எண்பது வயதில் அந்தத் தூரம் ஓட உதவியது.

மகள் இந்தக் கட்டுரையின் வரைவைப் படித்தாள். எடை, புத்தர், சீன மொழிபெயர்ப்பு எதைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை. "நூறு கஹாபணம்னா இன்னிக்கு எவ்ளோப்பா?" என்றாள். வெள்ளி விலையைப் பார்த்துச் சொன்னேன். இந்த வாரத்திலிருந்து வேளைக்குப் பத்து ரூபாய்.